இட்லிக்கு எத்தனை பாயிண்ட்?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். வயது 41, உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 78 கிலோ. முட்டைகூடத் தொடாத சைவம். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் ஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி அளவு) 6.0 வந்தது, டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லிவிட்டார். ஆபீஸில் ஒருத்தி வெயிட் வாட்சர்ஸ், இன்னொருத்தி நியூட்ரிசிஸ்டம் பெட்டி, மேனேஜர் ஒரு காலத்தில் ஜென்னி கிரெய்க். ஆளுக்கொரு எடைக் குறைப்புக் கம்பெனியைச் சொல்கிறார்கள். என் கணவரோ ‘எல்லாமே காசு பிடுங்கும் வேலை’ என்கிறார். எதில் சேரலாம்?

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. காசு பிடுங்குகிறார்கள்தான். ஆனால் எடையும் கொஞ்சம் குறைகிறது. அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று முதலில் பார்த்துவிடுவோம்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2015இல் இந்தக் கம்பெனிகளைப் பற்றி அதுவரை நடந்த சோதனைகளை ஒன்றாக வைத்து அலசினார்கள். வெறும் அறிவுரை மட்டும் கேட்டுப் போனவர்களைவிட, ஓராண்டு முடிவில் வெயிட் வாட்சர்ஸ்காரர்களுக்குக் குறைந்தபட்சம் 2.6 சதவீதமும், ஜென்னி கிரெய்க்காரர்களுக்குக் குறைந்தபட்சம் 4.9 சதவீதமும் கூடுதலாக எடை குறைந்திருந்தது. நியூட்ரிசிஸ்டத்துக்கு மூன்று மாதக் கணக்கு: 3.8 சதவீதம். உங்கள் 78 கிலோவுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். முதலாவது 2 கிலோ, இரண்டாவது 4 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே, மூன்றாவது 3 கிலோ. விளம்பரத்தில் பழைய பேண்ட்டை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து நிற்கும் அம்மாள் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

அப்படியென்றால் ஜென்னி கிரெய்க்தானே முதலிடம் என்பீர்கள். அதைப் பற்றி 2010இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 442 பெண்கள் இரண்டு வருடம் கலந்துகொண்டார்கள். மையத்துக்கு நேரில் போனவர்களுக்குச் சராசரியாக 7.4 கிலோ குறைந்தது. நல்ல கணக்குதான். ஆனால் அவர்களுக்குத் திட்டமும் சாப்பாடும் இலவசம். மாதாமாதம் சொந்தக் கார்டிலிருந்து பணம் போயிருந்தால் எத்தனை பேர் இரண்டு வருடம் தாக்குப்பிடித்திருப்பார்கள்? அது இருக்கட்டும், உங்கள் மேனேஜர் போன மையம் இப்போது இல்லை. 2023 மே மாதம் கடையை மூடிவிட்டார்கள். நியூட்ரிசிஸ்டத்தை வைத்திருக்கும் நிறுவனமே அந்தப் பெயரை வாங்கிப் பெட்டியில் சாப்பாடு அனுப்புகிறது. ஆக, உங்கள் முன்னால் இருப்பது இரண்டே வழி. ஒன்று பெட்டி, இன்னொன்று வெயிட் வாட்சர்ஸின் பாயிண்ட், அதாவது ஒவ்வொரு உணவுக்கும் இத்தனை என்று மதிப்பெண் போட்டு, நாளுக்கு இவ்வளவுதான் என்று எண்ணிச் சாப்பிடுவது.

பெட்டியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. டல்லாஸில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது அண்ணியின் ஃப்ரீசர் முழுக்க இப்படி ஒரு கம்பெனியின் டப்பாக்கள். பெயர் வேண்டாம். மதியச் சாப்பாடு உள்ளங்கை அகலம், மைக்ரோவேவிலிருந்து எடுத்தால் நடுவில் இன்னும் ஐஸ். நாலு மணிக்குப் பசி, ஆறு மணிக்குக் கோபம், ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு ரசம் சாதம். நிறுத்தலாம் என்று போன் போட்டால், அடுத்த மாதப் பெட்டிக்கு ஏற்கெனவே பணம் எடுத்தாயிற்று என்று பதில். இதில் சேருவதாக இருந்தால் ஆர்டர் போடும் முன்பே, நிறுத்தினால் எவ்வளவு வெட்டுவார்கள், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முட்டைகூட ஆகாது என்கிறீர்கள். மஃபின், பாஸ்தா எதில் முட்டை ஒளிந்திருக்கும் என்று ஒவ்வொரு லேபிளையும் படிக்க வேண்டிவரும். தவிர, பெட்டி நின்ற அன்று உங்கள் சமையலறை அதே சமையலறைதான். அங்கே எவ்வளவு எண்ணெய் ஊற்றுவது என்று பெட்டி சொல்லித்தராது.

வெயிட் வாட்சர்ஸ் வேறு ரகம். நியூயார்க் குயின்ஸ் பகுதியில் ஜீன் நிடெட்ச் என்ற இல்லத்தரசி 1963இல் ஆரம்பித்தது. அவருக்கு உணவுத்திட்டம் கொடுத்தது நகரச் சுகாதாரத் துறையின் கிளினிக். அதை வைத்துக்கொண்டு தனியாக முடியவில்லை என்றுதான் சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தார். வாராவாரம் எடை பார்த்து, திருட்டுத்தனமாகத் தின்ற பிஸ்கட்டை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வது. அந்தக் கம்பெனி இன்றைக்கும் விற்கும் உருப்படியான சரக்கு இதுதான் என்பது என் கணிப்பு.

பாயிண்ட் முறை 1997இல் வந்தது, பலமுறை மாறியிருக்கிறது. கலோரி, பூரிதக் கொழுப்பு, சேர்த்த சர்க்கரை ஏறினால் பாயிண்ட் ஏறும். நார்ச்சத்தும் புரதமும் கூடினால் இறங்கும். காய், பழம், பருப்பு, பயறுக்குப் பாயிண்டே இல்லை. நம் சமையலுக்கு இது நன்றாகவே பொருந்தும், இரண்டு இடம் தவிர. ஒன்று தேங்காய். சாம்பாரோடு இட்லி சாப்பிட்டால் ஒரு கணக்கு. இரண்டு கரண்டி தேங்காய்ச் சட்னி வைத்தால் பூரிதக் கொழுப்பு ஏறி வேறு கணக்கு. இன்னொன்று தாளிக்கிற எண்ணெய். பருப்புக்குப் பாயிண்ட் இல்லை என்பதால் கடுகு வெடிக்கும் எண்ணெய்க்கும் இல்லை என்று ஆகாது. பாட்டிலிலிருந்து நேராகச் சாய்க்காமல் டீஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள். இதற்கு மாதச் சந்தா தேவையில்லை.

பெயர்களைப் பார்த்து ரொம்பக் குழம்ப வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 2005இல் பாஸ்டனில் 160 பேரை நான்காகப் பிரித்து அட்கின்ஸ், ஸோன், வெயிட் வாட்சர்ஸ், ஆர்னிஷ் என்று நான்கு டயட்டில் ஓராண்டு வைத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் சராசரி 2 முதல் 3 கிலோ சொச்சம்தான். எந்த டயட் என்பதைவிட, சொன்னதை எந்த அளவுக்குக் கடைப்பிடித்தார்கள் என்பதை ஒட்டித்தான் எடை இறங்கியது.

பசியை அடக்கி எடையைக் குறைக்கும் ஊசி வந்த பிறகு இந்த வியாபாரமே ஆட்டம் கண்டுவிட்டது. வெயிட் வாட்சர்ஸின் முகமாக இருந்த ஓப்ரா வின்ஃப்ரே தானே மருந்து எடுப்பதாகச் சொல்லி, 2024இல் நிர்வாகக் குழுவிலிருந்து விலகினார். 2025 மே மாதம் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போய், கடனைக் குறைத்துக்கொண்டு திரும்பி வந்தது. ஆகவே வருடச் சந்தா மொத்தமாகக் கட்டாதீர்கள், மாதக் கணக்கு போதும். ஊசி உங்களுக்குத் தேவையா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், பத்திரிகையில் எழுதும் நான் இல்லை.

சரி, நானாக இருந்தால் என்ன செய்வேன்? எதிலும் சேருவதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு போன் போடுவேன். ஏ1சி 5.7க்கும் 6.4க்கும் நடுவில் இருப்பவர்களுக்காகவே அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி அங்கீகரித்த சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்டம் இருக்கிறது. ஓராண்டு, குழுவாக, ஒரு பயிற்சியாளரோடு. ஆன்லைனிலும் கிடைக்கும். ஆசியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 23 இருந்தாலே சேரலாம். உங்களுக்கு 31 வருகிறது. பல இன்ஷூரன்ஸ்களும் ஆபீஸ்களும் செலவை ஏற்கின்றன. இதற்கு அடிப்படையான ஆய்வு 2002இல் வந்தது. 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட நடையும் இலக்கு. சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரை கிலோ. இது கிடைக்கவில்லை என்றால் வெயிட் வாட்சர்ஸ், அதுவும் கூட்டத்தோடு. ஆப் மட்டும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் வாக்கிங் பார்க் பக்கத்தில் நியூட்ரிஷன் கிளப் நடத்துகிறார்கள். காலை டிபனுக்குப் பதில் ஷேக். இரண்டு கிலோ குறைந்தது. இப்போது ‘நீங்களும் கோச் ஆகுங்கள்’ என்கிறார்கள். ஆகலாமா? (கோவை வாசகி)

பதில்: இரண்டு கிலோ குறைந்ததை நம்புகிறேன். பொங்கலும் வடையும் போய் அளவான ஒரு டம்ளர் வந்தால் குறையத்தான் செய்யும். மோரும் சுண்டலும் வந்திருந்தாலும் குறைந்திருக்கும். கோச் விஷயம் வேறு. சரக்கை விற்றபடியே மேலும் ஆள் சேர்க்கும் இந்த மாதிரி வியாபாரத்தில் உலகப் பெயர் ஹெர்பலைஃப். 2016இல் வாடிக்கையாளர்களை ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ளும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் ட்ரேட் கமிஷனோடு சமரசம் செய்துகொண்டு 20 கோடி டாலர் கட்டியது. ஆள் சேர்ப்பதற்கு இல்லாமல் நிஜ விற்பனைக்கே வருமானம் என்று அங்கே முறையை மாற்ற வேண்டிவந்தது. உங்கள் கிளப் எந்தக் கம்பெனி என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும், முதலில் எவ்வளவு சரக்கு உங்கள் தலையில் கட்டுவார்கள் என்று கேளுங்கள். அப்புறம் சொந்தக்காரர்களை விட்டுவிட்டு எத்தனை பேருக்கு விற்க முடியும் என்று யோசியுங்கள்.

கேள்வி: பத்து நாளில் 5 கிலோ, உத்தரவாதம் என்கிறது ஒரு ஸ்லிம்மிங் சென்டர். நம்பலாமா? (சென்னை வாசகர்)

பதில்: ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஐந்து கிலோவுக்கு 38,500. பத்து நாளால் வகுத்தால் தினம் 3,850. நீங்கள் பத்து நாளும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாலும் அவ்வளவு கரையாது. குறைவதில் பெரும்பகுதி தண்ணீர்; வீட்டுக்கு வந்து இரண்டு வேளை சாப்பிட்டால் திரும்பிவிடும். உத்தரவாதம் என்றால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்க்கும் எடைக்கு.