ரமணர் கையெழுத்துப் போட்ட கடிதம் விலைக்கு வந்தால்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மகான்களும் பாதிரியார்களும் கைப்பட எழுதிய கடிதங்களைச் சேகரிக்க ஆசை. ரமண மகரிஷி 1940-களில் எழுதிக் கையெழுத்துப் போட்டதாக ஒரு இன்லேண்ட் லெட்டரை வேலூரில் ஒருவர் காட்டினார். லேமினேஷன் செய்து வைத்திருக்கிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். இன்லேண்ட் லெட்டர் நம் தபால் நிலையங்களுக்கு வந்ததே 1950 அக்டோபர் 2-இல்தான். மகரிஷி அந்த ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதியே சமாதி அடைந்துவிட்டார். அதோடு, அவர் கையெழுத்துப் போடும் வழக்கமே இல்லாதவர். பக்தர்களின் கடிதங்களுக்கு ஆசிரம அலுவலகம்தான் பதில் எழுதியது. அவர் கைப்பட எழுதிய பாடல்களும் குறிப்புகளும் உண்டு. கையெழுத்திட்ட கடிதம் என்று யாராவது கொண்டுவந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

யாருடைய கடிதத்தைத் தேடுகிறீர்களோ, அவர் எப்படி எழுதினார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மடங்களிலிருந்து வரும் ஸ்ரீமுகங்களை, அதாவது மடாதிபதியின் பெயரில் வரும் ஆசிக் கடிதங்களை, பெரும்பாலும் எழுத்தர்தான் எழுதுவார், முத்திரை மட்டும் மடத்துடையது. அது போலி இல்லை; ஆனால் "சுவாமிகள் கைப்பட எழுதியது" என்று சொல்லி விலை கேட்டால் கொடுக்கக் கூடாது.

அப்புறம் காலக் குறிகளைப் பாருங்கள். 1930-களின் கடிதத்தில் பால்பாயிண்ட் பேனா மை இருக்க முடியாது. முகவரியில் பின்கோடு இருந்தால் அது 1972-க்குப் பிந்தியது. தமிழ் எழுத்தே நல்ல சாட்சி: ணை, லை, னை, றா போன்றவற்றின் இன்றைய வடிவம் 1978 அரசாணைக்குப் பிறகுதான் பரவலானது. பெரியாரின் 'குடிஅரசு' 1935-லேயே அப்படி அச்சிட்டது உண்மை. ஆனால் அந்தக் காலத்து மடாதிபதி ஒருவர் அப்படி எழுதியதாகச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

என்னைக் கேட்டால், பெரிய பெயர்களை விட்டுவிட்டு நம் வட ஆர்க்காட்டிலேயே தேடுங்கள். 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்கன் ஆர்க்காடு மிஷன் வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி என்று பரவியிருந்தது. பாதிரியார்கள் உபதேசியாருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் எழுதியவை பழைய கிறிஸ்தவக் குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் இருக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் ஆலிம்கள் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள்) எழுதிய உருதுக் கடிதங்களையும் விசாரியுங்கள். படிக்க ஆளில்லை என்பதற்காக இவற்றை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் பெரிய கவலை.

வாங்கும்போது உறையையும் சேர்த்துக் கேளுங்கள். யாருக்கு வந்தது, எந்த வீட்டில் இருந்தது, கைமாறியது எப்படி என்று விற்பவரிடமே எழுதி வாங்குங்கள். கட்டாக இருந்தால் பிரிக்காதீர்கள். பத்துக் கடிதம் சேர்ந்திருந்தால்தான் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்.

லேமினேஷன், செல்லோடேப் இரண்டும் வேண்டாம். பிரித்தெடுக்கும்போது தாளும் கூடவே கிழியும். அமிலமற்ற காகித உறையில் படுக்கை வசமாக வையுங்கள். வேலூர் வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள பரண் ஆகாது, உள்ளறை அலமாரிதான் சரி. தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து, தாளில் படாமல் வைக்கலாம்.

சட்டமும் இருக்கிறது. வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டு தாண்டினால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். வைத்திருக்கத் தடையில்லை. ஆனால் வெளிநாட்டு உறவினருக்கு அன்பளிப்பாகக்கூட அனுப்பக் கூடாது. வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும்; உங்களிடம் கடிதம் காட்டியவரிடம் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.