அமெரிக்காவில் துப்பாக்கியை ஆன்லைனில் வாங்கலாமா, பக்கத்துக் கடையில் வாங்கலாமா?

டெக்சாஸில் இருக்கிறேன். ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பழகுவது என் பொழுதுபோக்கு. இரண்டு விதமாகவும் வாங்கியிருக்கிறேன். முதல் துப்பாக்கி என்றால் கடைக்கே போங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் பார்சல் வீட்டுக்கே வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. வெளி மாநில விற்பனையாளர் உங்கள் ஊரில் உள்ள லைசென்ஸ் பெற்ற டீலருக்குத்தான் அனுப்ப முடியும். 1968ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. அங்கே போய் அடையாள அட்டையைக் காட்டி, 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். டீலர் எஃப்பிஐயின் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். கலிஃபோர்னியாவில் பதில் சீக்கிரம் வந்தாலும் 10 நாள் காத்திருக்க வேண்டும். கடையில் வாங்கினாலும் இதே படிவம், இதே சோதனைதான்.

சரி, விலை? என் முதல் பிஸ்டல் ஆன்லைனில் 60 டாலர் குறைவாக இருந்தது. அனுப்பும் செலவு 15, டீலர் வாங்கிய கட்டணம் 35. மிச்சம் 10 டாலர். அதைவிடப் பெரிய சிக்கல், பிடி என் கைக்கு அடங்கவில்லை. ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே நகரும் பகுதியை, முழுதாகப் பின்னால் இழுக்கவே சிரமப்பட்டேன். கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால் அது பழைய துப்பாக்கி, திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பாதி விலைக்கு விற்றேன். அதனால் ஆன்லைனில் வாங்குகிறவர்கள் படிவத்தைத் தொடும் முன்பே பெட்டியைத் திறந்து, சீரியல் எண், கீறல் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

அடுத்ததைக் கடையில் வாங்கினேன். கவுண்டரில் இருந்த பெரியவர் ஒவ்வொரு பிஸ்டலிலும் குண்டுகள் அடைக்கும் மேகசினைக் கழற்றி, உள்ளே குண்டு இல்லை என்று எனக்குக் காட்டிய பிறகே கையில் கொடுத்தார். ட்ரிகரில் விரல் வைத்தபோது உடனே எடுக்கச் சொன்னார். வீட்டில் குழந்தை உண்டா என்று கேட்டார். மகளுக்கு அப்போது நாலு வயது. டீலர் விற்கும் கைத்துப்பாக்கியோடு பூட்டு ஒன்று தர வேண்டும் என்பது சட்டம். அதோடு நிறுத்தாமல், பெட்டகம் வாங்காமல் இதை வீட்டுக்குள் கொண்டுபோகாதே என்றார். அப்புறம் பின்னால் இருந்த ரேஞ்சில் மூன்றை வாடகைக்குச் சுட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். இதெல்லாம் எந்த இணையதளத்தில் கிடைக்கும்?

எந்த மாடல் வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்தவர்களுக்கும், இடக்கைக்காரர்களுக்கான ரைஃபிள் போல உள்ளூரில் அரிதாகக் கிடைப்பதைத் தேடுகிறவர்களுக்கும் ஆன்லைன் நல்லது.

நம் ஆட்களுக்கு ஒன்று. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் பொதுவாக வாங்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. நண்பர் பெயரில் வாங்கித் தரச் சொல்லாதீர்கள். உண்மையில் வாங்குவது நீங்கள்தானா என்று 4473இலேயே கேட்கிறார்கள். அங்கே பொய் சொன்னால் அவருக்குச் சிறைத் தண்டனைகூடக் கிடைக்கலாம்.