மறு: கோல்ஃப் பயிற்சி ரேஞ்சில் எவ்வளவு அடித்தாலும் ஸ்கோர் 100-க்குக் கீழே வரவில்லை

வாரம் பயிற்சி செய்யும் இரண்டு மணி நேரமும் டிரைவருக்கே (நெடுந்தூரம் அடிக்கும் கிளப்) போகிறது என்கிறீர்கள். பார் 72 மைதானத்தில், அதாவது 18 குழிகளையும் 72 ஷாட்டில் முடிப்பது என்று கணக்கிட்ட மைதானத்தில், பட்டிங்குக்கு (பந்தைக் குழிக்குள் உருட்டுவது) மட்டுமே 36 ஷாட் கணக்கு. டிரைவருக்கு வழக்கமாக 14தான். அதனால் ஒரு மணி நேரத்தைப் பட்டிங், சிப்பிங்குக்குக் (அருகிலிருந்து பந்தைக் குழிப் பக்கம் சிறிதாகத் தூக்கி அடிப்பது) கொடுங்கள். குழியைச் சுற்றி மூன்றடி தூரத்தில் ஆறு பந்துகள். ஒன்று தவறினாலும் முதலிலிருந்து. எரிச்சல் வரும், வரட்டும். அப்புறம் 30 அடியிலிருந்து, குழியைப் பார்க்காமல் தூரத்தை மட்டும் கவனித்துப் பழகுங்கள். ஒரே குழிக்கு மூன்று பட் ஆவது பெரும்பாலும் அங்கேதான்.

ரேஞ்சில் ஒரே கிளப்பால் தொடர்ந்து அடிக்காதீர்கள். டிரைவர், 7 அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கு), வெட்ஜ் (குறுகிய தூரத்துக்கு) என மைதானத்தில் ஆடும் வரிசையில், ஒவ்வொரு பந்துக்கும் இலக்கை மாற்றுங்கள்.

டிரைவ் அடிக்கடி எல்லைக்கு வெளியே போகிறதா? சொல்லுங்கள், அப்படியானால் இந்தப் பங்கீடு மாறும்.