ஓம் ஓம் என்று தலையாட்டும் பெரியம்மாவுக்கு

தம்பி, லண்டனில் தனியாக இருக்கும் பெரியம்மாவை முதியோர் இல்லத்தில் விடலாமா என்று கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) மதிப்பிட வருகிறது, திருகோணமலை உவர்மலையில் இருந்துகொண்டு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

இதற்கு உதவுவது இங்கிலாந்தின் 2014 பராமரிப்புச் சட்டம், 67ஆம் பிரிவு. சொல்வதை விளங்கிக்கொள்ளவோ, நினைவில் வைக்கவோ, தன் விருப்பத்தைச் சொல்லவோ பெரியம்மா மிகவும் சிரமப்பட்டு, துணை நிற்கப் பொருத்தமான ஆளும் இல்லையென்றால், கவுன்சில் சுயாதீன அட்வகேட் ஒருவரை (அவர் பக்கம் நின்று பேசுபவர், சட்டத்தரணி அல்ல) ஒழுங்கு செய்தே ஆகவேண்டும். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. சம்பளத்துக்குப் பராமரிக்க வருபவரை அந்தப் பொருத்தமான ஆளாகக் கணக்கெடுக்க முடியாது.

தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் தனியாகக் கேளுங்கள். நம் பெரியவர்கள் அதிகாரி முன்னால் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" (ஆமாம்) என்பார்கள், அப்புறம் போனில் அழுவார்கள். மொழிபெயர்ப்பாளர் அந்த "ஓம்"ஐ அப்படியே ஆங்கிலத்தில் சொல்வார், அவ்வளவுதான்; அதனால்தான் அட்வகேட்டும் வேண்டும். மதிப்பீட்டுக்கு முன்பே, நீங்கள் திருகோணமலையில் இருப்பதால் நேரில் துணை நிற்க முடியாது என்பதையும் குறிப்பிட்டு, இரண்டையும் கேட்டு கவுன்சிலுக்கு மின்னஞ்சல் போடுங்கள்.