கிரீன் கார்டு, குடியுரிமை, தென்னந்தோப்பு: கொழிஞ்சாம்பாறையிலிருந்து சில பதில்கள்

நியூ ஜெர்சியில் ஒரு குடியேற்ற வக்கீல் ஆபீஸில் பதினாறு வருடம் பேப்பர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். இப்போது கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர், "என் மகனுக்கு ஐ-140 வந்துடுச்சு, அடுத்து என்ன அக்கா?" என்று கேட்கிறார், சாம்பார் வாளியோடு ஒருத்தர் காத்து நிற்கிறார். (ஐ-140 என்பது, அமெரிக்காவில் நிரந்தரமாக வாழ விடுகிற கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடுகிற மனு.) அதனால் வந்த கேள்விகளைச் சேர்த்து ஒரேயடியாகப் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் கேஸுக்கு உங்கள் வக்கீல் சொல்வதுதான் கணக்கு.

கேள்வி (பாலக்காட்டுச் சித்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்): மகன் அமெரிக்கக் குடியுரிமைக்கு மனு போடப் போகிறேன் என்கிறான். பிறந்த நாட்டை விட்டுக்கொடுக்கிற மாதிரி மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எல்லாரும் எதற்காகத்தான் இதை வாங்குகிறார்கள்?

மாஷே, குடியுரிமை மனுவுக்கு என்-400 என்று பெயர். நீளமான படிவம். குடிப்பழக்கம் உண்டா, வரி பாக்கி உண்டா, தேவைப்பட்டால் ஆயுதம் ஏந்துவீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். கம்யூனிஸ்ட் கட்சியில் எப்போதாவது உறுப்பினராக இருந்தீர்களா என்றும் ஒரு கேள்வி வரும், நம்ம பக்கத்து ஆட்கள் அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். கல்லூரியில் கொடி பிடித்த ஒருவரோடு எங்கள் வக்கீல் அரை நாள் உட்கார்ந்து பேச வேண்டி வந்தது. ஆனால் இத்தனை கேட்கிற படிவத்தில் "உனக்கு ஏன் குடியுரிமை வேண்டும்?" என்ற கேள்வி மட்டும் கிடையாது. அவர்களுக்கே அது தேவையில்லை.

நாங்கள் வாய்விட்டுக் கேட்டால் வரும் பதில்களில் தேசபக்தி அபூர்வம், அந்தப் பக்கத்துக்கும் சரி இந்தப் பக்கத்துக்கும் சரி. பெரும்பாலும் பயம்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவர் முன் அனுமதி இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே தங்கினால் அங்கே வாழ்வதை விட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம், ஆறு மாதம் தாண்டினாலே விமான நிலையத்தில் கேள்வி. அப்பாவுக்குப் பக்கவாதம், எட்டு மாதம் ஊரில் இருந்து பார்க்க வேண்டும் என்றால் என்ன செய்வது? சில குற்றங்களுக்குக் கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்தலாம், குடிமகனை அப்படிச் செய்ய முடியாது. அப்பா அம்மாவை நிரந்தரமாகக் கூட்டிக்கொள்ளும் மனுவைக் குடிமகன்தான் போட முடியும். அதாவது உங்கள் மகன் உங்களை நினைத்தே மனு போடுகிறானோ என்னவோ, கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (வேலந்தாவளம்): நானும் என் கூட்டாளியும் ஒரே கல்லூரி, ஒரே கம்பெனி, ஒரே வருடம் அமெரிக்கா போனோம். அவனுக்கு இரண்டே வருடத்தில் கிரீன் கார்டு. நான் பத்து வருடமாக வரிசையில். அவன் மனைவி குவைத்தில் பிறந்தவள் என்பதுதான் காரணம் என்கிறார்கள். இது உண்மையா, கேலியா?

உண்மைதான் தம்பி, கேலி மாதிரி இருந்தாலும். வேலை வழியாக வரும் கிரீன் கார்டு உலகம் முழுமைக்கும் வருடத்துக்குச் சுமார் 1,40,000. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த எண், இன்றும் அதேதான். மனைவி, குழந்தைகள் எல்லாரும் இந்த எண்ணுக்குள்ளேயே அடங்க வேண்டும். எந்த ஒரு நாட்டுக்கும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கிற இந்தியாவுக்கும், நாலு லட்சம்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு. மற்றவர்கள் எடுக்காமல் மிச்சம் விழுவது நம் பக்கம் கொஞ்சம் வரும், அவ்வளவுதான். 2025 நடுவில் இந்தியர்களுக்கான இரண்டாம் பிரிவு (மேற்படிப்பு படித்தவர்களுக்கானது) வரிசை 2013 ஜனவரி தேதியில் மாதக்கணக்கில் நின்றது. அதாவது அதற்கு முன்னால் மனுப் போட்டவர்களுக்குத்தான் கதவு.

இதில் வேடிக்கை என்னவென்றால், நீ எந்த நாட்டுக் குடிமகன் என்பது கணக்கே இல்லை, எங்கே பிறந்தாய் என்பதுதான் கணக்கு. கனடாக் குடியுரிமை வாங்கிக்கொண்டு வந்தாலும் பிறந்தது வேலந்தாவளம் என்றால் இந்திய வரிசைதான். ஆனால் கணவன், மனைவி இருவரில் யார் பிறந்த நாட்டின் வரிசை சின்னதோ அதில் இருவரும் நிற்கலாம் என்று சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. உன் கூட்டாளியின் மாமனார் எண்பதுகளில் குவைத்துக்குப் போய் ஓட்டுநராகவோ கணக்கராகவோ இருந்திருப்பார், பிரசவத்துக்கு மனைவியை ஊருக்கு அனுப்பக் காசு இல்லாமலோ லீவு இல்லாமலோ அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார். குவைத் அந்தப் பெண்ணைத் தன் குடிமகளாக ஒரு நாளும் ஏற்கவில்லை. அப்பாவின் வேலை முடிந்ததும் பெட்டியோடு அனுப்பிவிட்டது. அமெரிக்கா மட்டும் அவளைக் குவைத்துக்காரி என்று எழுதிக்கொண்டு கதவைத் திறக்கிறது. என் மேசைக்கு இப்படி எத்தனையோ பாலக்காட்டு, மலப்புறத்துத் தம்பதிகள் வந்திருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் அரபி எழுத்தைப் பார்த்ததும் எங்கள் வக்கீல் முகம் மலர்ந்துவிடும்.

இந்த வரம்பை எடுக்கச் சொல்லி மசோதா வராமல் இல்லை. 2019 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது, 2020 டிசம்பரில் மேலவை வேறு ஒரு வடிவத்தை நிறைவேற்றியது, இரண்டும் ஒன்றாகாமல் காலாவதியாகிவிட்டது. எதிர்த்தவர்கள் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது: மொத்த எண்ணைக் கூட்டாமல் வரம்பை மட்டும் எடுத்தால், சில வருடங்களுக்குக் கார்டு முழுக்க இந்தியர்களுக்கே போகும், ஈரான்காரியும் நைஜீரியாக்காரனும் நம் இடத்தில் வந்து நிற்பார்கள். மொத்த எண்ணைக் கூட்டாமல் இதற்கு வழி இல்லை என்பது என் கருத்து, கூட்டுவதற்கு அங்கே ஓட்டு விழாது.

உனக்குக் குழந்தை இருந்தால் 21 வயதை மனதில் வை. வயதைக் கணக்கிடுவதில் கொஞ்சம் சலுகை உண்டு, அதையும் தாண்டிவிட்டால் உன் மனுவிலிருந்து பிள்ளை கழன்றுவிடும்.

கேள்வி (மீனாட்சிபுரம்): நாங்கள் பரீட்சை எழுதி, லாட்டரியில் விழுந்து, வரி கட்டி, வரிசையில் நிற்கிறோம். சுவர் ஏறிக் குதித்து வருகிறவனுக்காக ஏன் பரிதாபப்படுகிறார்கள்? நானும் அப்படி வந்திருக்கலாமே?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. எச்-1பி என்கிற தற்காலிக வேலை விசாவின் குலுக்கலில் வருடத்துக்கு 85,000 இடம், அதில் பெயர் விழாமல் மூன்று தடவை திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் "வரிசையில் நின்று வா" என்று எல்லாரையும் பார்த்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் பல பேருக்கு வரிசையே இல்லை. கோபாலபுரத்தில் டைல்ஸ் ஒட்டுகிற ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அவனுக்குச் சொந்தக்காரர் இல்லை, டிகிரி இல்லை. இரண்டு வருடப் பயிற்சி தேவைப்படாத வேலைகளுக்கு நிரந்தர விசா உலகம் முழுமைக்கும் சட்டப்படி 10,000-க்கு மேல் கிடையாது, அதற்கும் அங்கிருந்து ஒரு முதலாளி மனுப் போட வேண்டும். நாடுகளுக்குக் குலுக்கல் நடத்தித் தருகிற விசாவில் இந்தியா சேர்த்தியே இல்லை, ஏற்கெனவே நிறையப் பேர் போகிறோமாம். அவனை எந்த ஜன்னலுக்கு அனுப்புவீர்கள்?

சட்டம் என்பது மாறாத கல்வெட்டும் இல்லை. 1923-இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபிக்கு, அமெரிக்காவுக்காகப் படையில் இருந்தவர் என்றும் பார்க்காமல், "நீ வெள்ளைக்காரன் இல்லை" என்று சொல்லி உச்ச நீதிமன்றம் குடியுரிமையை மறுத்தது. 1946-க்குப் பிறகும் இந்தியாவுக்கு வருடத்துக்கு நூறு பேர்தான். 1965-இல் சட்டத்தை மாற்றினார்கள், எழுபதுகளில் போன டாக்டர் மாமாக்கள் இன்றைய வரிசையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அவர்கள்தான் இப்போது கல்யாண வீட்டில் "நாங்க எல்லாம் முறைப்படி போனவங்க" என்கிறார்கள்.

அதற்காக டங்கி என்கிற கள்ள வழியாகப் போ என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானம் 104 இந்தியர்களை அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியதை எல்லாரும் பார்த்தோம். நிலத்தை விற்று ஏஜென்டிடம் கொடுத்தவர்கள் அதில் உண்டு. பிறகு, அனுமதி இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் தங்கி வெளியேறினால் பத்து வருடம் உள்ளே வர முடியாது, 1996 முதல் அப்படித்தான் சட்டம். என் வருத்தம் வேறு. கோபம் முழுக்கக் குதித்தவன் மேல் போகிறது, வரிசையை இப்படி வைத்தவர்களைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

கேள்வி (புனலூர்): எங்கள் தாத்தா குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. இங்கே ரப்பர் எஸ்டேட்டில் வேலை. இன்னும் எங்களைச் சிலோன்காரன் என்கிறார்கள். நாங்கள் அகதிகளா, குடிமக்களா?

குடிமக்கள். இதில் சந்தேகமே வேண்டாம், யாராவது கேட்டால் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். உங்கள் கதைதான் எனக்கு இதில் மிகவும் வலிக்கிற கதை, ஏனென்றால் உங்கள் தாத்தா குடியுரிமை கேட்டு எங்கும் மனுப் போட்டு அலையவில்லை, தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே அது பறிபோனது. 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தை 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு.

அப்படிக் கப்பலேறியவர்கள் இந்தியக் கடவுச்சீட்டோடுதான் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1976-இல் புனலூரில் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் தொடங்கினார்கள், குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் ரப்பர் நட்டார்கள். தாத்தாவின் பழைய கடவுச்சீட்டு, வந்து இறங்கியவர்களைத் தங்க வைத்த மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள், லேமினேட் மட்டும் செய்யாதீர்கள்.

1983-க்குப் பிறகு போருக்குப் பயந்து வந்தவர்கள் வேறு. தமிழ்நாட்டு முகாம்களில் இன்னும் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைத்தான் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்ற பழைய விதியை வைத்து, 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் 2022-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போய்க் கடவுச்சீட்டுக்கு உத்தரவு வாங்கினார். 1987 ஜூலை முதல் பிறந்த தம்பி தங்கைகளுக்கு அந்த வழி இல்லை. அமெரிக்காவைக் குறை சொல்வதற்கு முன்னால் இதையும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

கேள்வி (ஆந்திரா நகரி, ஜவுளி வியாபாரம்): காசு கொடுத்தால் குடியுரிமை தருகிற நாடுகள் இருக்கிறதாமே?

இருக்கிறது. கரீபியனில் செயின்ட் கிட்ஸ் 1984-லேயே ஆரம்பித்துவிட்டது. மால்டாவும் விற்றது, 2025 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் அது செல்லாது என்றது. அமெரிக்காவில் குறைந்தது 8 லட்சம் டாலர் முதலீடு போட்டால் கிரீன் கார்டுக்குத் தனி வழி. நியாயமா என்றால் இல்லை. தப்பா என்றால் அதுவும் சட்டப்படிதான். சட்டம் வேறு, நியாயம் வேறு, இதைத்தான் மேலே சொன்னேன்.

கேள்வி (துபாய், சொந்த ஊர் எருத்தேம்பதி): 27 வருடமாக இங்கே. எங்களுக்கு ஒன்றுமே கிடையாதா?

மனுப் போட்டு வாங்குகிற குடியுரிமை கிடையாது அண்ணா. 2021-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், ஆனால் முதலீட்டாளர், டாக்டர், விஞ்ஞானி என்று ஆட்சியாளர்கள் தரப்பில் முன்மொழிந்தால்தான். தங்க விசா பத்து வருடத்துக்கு உண்டு. அதுவும் குடியுரிமை இல்லை. வளைகுடாக்காரர்கள் ஊரில் மாடி மேல் மாடி கட்டுவதும், அமெரிக்காக்காரர்கள் அங்கேயே கடன் போட்டு வீடு வாங்குவதும் ஏன் என்று இனி யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி (வண்ணாமடை): மகள் அமெரிக்கக் குடிமகள் ஆகிவிட்டாள். என் தென்னந்தோப்பு அவளுக்குப் போகுமா?

உங்களுக்குப் பின் வாரிசாகவோ உயில்படியோ போகும். ஆனால் உயிரோடு இருக்கும்போது தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க முடியாது, அவளாக விவசாய நிலம் வாங்கவும் முடியாது. விற்றால் இங்கே வசிக்கிற இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். தேங்காய் வருமானத்தை அமெரிக்க வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும், எல்லாரும் மறப்பது இதைத்தான். பத்திரம் எழுதுகிறவரிடம் இப்போதே பேசுங்கள்.

கேள்வி (குப்பம்): அக்கா, நீங்களும் குடியுரிமை வாங்கினீர்களே, அப்புறம் ஏன் திரும்பி வந்தீர்கள்? வருத்தம் உண்டா?

அப்பா இறந்தபோது என் விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. வந்தால் சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புது முத்திரைக்குக் காத்திருந்து மாட்டிக்கொள்வேன், வேலை போய்விடும் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள், நான் வரவில்லை. அதற்குப் பிறகு குடியுரிமை வாங்கினேன், இன்னொரு தடவை அப்படி ஆகக் கூடாது என்று. உறுதிமொழி நாளில் வாசலில் கிரீன் கார்டைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள், ஒரு அட்டைப்பெட்டிக்குள் சீட்டுக்கட்டு மாதிரி கிடந்தன. இரட்டைக் குடியுரிமை இந்தியாவில் கிடையாது, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நிமிடமே நம்முடையது போய்விடும். கேன்சல் முத்திரை குத்தி என் இந்தியக் கடவுச்சீட்டு தபாலில் திரும்பி வந்தபோது இரண்டு நாள் அந்த உறையைத் திறக்கவில்லை.

இப்போது அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறேன். கையில் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது), எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம், ஓட்டு மட்டும் கிடையாது. பஞ்சாயத்துத் தேர்தலுக்கு அம்மாவை ஸ்கூட்டரில் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, வேப்ப மரத்தடியில் நின்றேன். விரல் மையைக் காற்றில் உலர்த்திக்கொண்டே வந்தாள். யாருக்கும்மா போட்டே என்றேன்.

"உனக்கெதுக்கு அது? வண்டிய எடு."