புல்லுக்கும் தலை துவட்ட வேண்டும்

கேள்வி: மழைக்காலம் தொடங்கியதிலிருந்து வீட்டு முன்னால் இருக்கும் புல்தரை வட்டம் வட்டமாகப் பழுத்துக் காய்கிறது. தண்ணீர் போதவில்லையோ என்று தினமும் சாயங்காலம் குழாயைத் திறந்து விடுகிறேன். போன வாரம் யூரியாவும் வீசினேன். வட்டம் பெரிதாகிறதே தவிர குறைந்தபாடில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் குழாயை மூடுங்கள். சாயங்காலம் நீங்கள் விடும் தண்ணீர் இரவு முழுக்கப் புல்லின் தாளில் நிற்கிறது, அதன் மேல் விடியற்காலைப் பனி வேறு இறங்குகிறது, வெயில் ஏறிய பிறகுதான் காய்கிறது. புழுக்கமான இரவில் பத்து மணி நேரம் புல் நனைந்தே கிடந்தால் ரைசோக்டோனியா என்ற பூஞ்சணத்துக்கு அது கல்யாண விருந்து. நீங்கள் யூரியாவும் போட்டு இளந்தளிராக வளர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள், அதாவது விருந்தில் பாயசமும் ஆயிற்று.

பூஞ்சணம்தானா என்று நீங்களே பார்க்கலாம். வட்டத்தின் நடுவில் எல்லாம் செத்திருக்கும், அங்கே ஒன்றும் தெரியாது. ஓரத்தில் குந்தி, மஞ்சளாகத் திரும்பும் ஒரு தாளைப் பிடித்து மெல்ல இழுங்கள். தாள் மட்டும் சுலபமாகக் கழன்று வந்து, அடி பழுப்பாக அழுகியிருந்தால் பூஞ்சணம். தாளோடு நிற்காமல் புல்லே பாய் மாதிரி சுருண்டு எழுந்து வந்தால் கதை வேறு, அடியில் வெள்ளையாக வளைந்து கிடக்கும் வண்டுப் புழு வேரைத் தின்றிருக்கும். இது தெரியாமல் பூஞ்சண மருந்து வாங்கி அடித்தால் பணம் போகும், புழு கொழுக்கும்.

பூஞ்சணம் என்றால் புல் தேறும் வரை உரம் வேண்டாம். நோய் உள்ள இடத்தைக் கடைசியாக வெட்டி, வெட்டியதை அள்ளிவிட்டு மெஷினைக் கழுவுங்கள், இல்லாவிட்டால் நீங்களே நோயை மற்ற இடங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள். நிழல் போடும் கிளைகளைக் கழித்துக் காற்றும் வெயிலும் உள்ளே வர விட்டாலே பாதி வேலை முடிந்தது. அதற்கும் அடங்காமல் பரவினால் மட்டும் மருந்துக்குப் போங்கள்.

கேள்வி: சரி, தண்ணீர் எப்போதுதான் விடுவது?

பதில்: புல் கேட்கும்போது. புல்மேல் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள், மிதித்த புல் நிமிராமல் கால்தடம் அப்படியே நின்றால், தாள் நீளவாக்கில் மடிந்து நிறமும் கொஞ்சம் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால், தாகம் என்று அர்த்தம். அப்போது விடியற்காலையில், வேர் வரை இறங்கும்படி நிறையவே விடுங்கள். வெயில் காலத்தில் மழையும் சேர்த்து வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் சுமாராகப் போதும். நேரான சுவருள்ள நாலு காலி டப்பாவைப் புல்லில் அங்கங்கே வைத்தால் எவ்வளவு விழுகிறது என்று அளந்துவிடலாம். தினமும் கொஞ்சம் தெளிப்பதுதான் கெடுதல், வேர் மேலேயே சோம்பேறியாக நின்றுவிடும்.

கேள்வி: மழையில் புல் மடமடவென்று வளர்கிறது. ஒரேயடியாக ஒட்ட வெட்டிவிட்டால் இரண்டு வாரம் நிம்மதியாக இருக்கலாமே?

பதில்: உங்களுக்கு நிம்மதி, புல்லுக்கு இல்லை. ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மொட்டையடித்தால் சேர்த்து வைத்த சத்தையெல்லாம் மறுபடி தாள் விடுவதிலேயே செலவழிக்கும், வேர் இளைக்கும், வெயில் படும் தரையில் களை முளைக்கும். ஈரத்தில் வெட்டினால் கட்டி கட்டியாகக் கொட்டும், அதனடியில் புல் அவிந்துபோகும். வெட்டிய மறுநாள் நுனிகள் பிய்ந்த நூல்போல வெளுத்துத் தெரிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, தீட்டுங்கள்.

கேள்வி: கோரையைப் பிடுங்கப் பிடுங்க இன்னும் அதிகமாக வருகிறதே?

பதில்: தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டையாக இருந்தால் கோரைதான். நீங்கள் பிடுங்குவது தலையை, மண்ணுக்குள் கிழங்கு பத்திரமாக இருக்கிறது. மண் ஈரமாக இருக்கும்போது கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும், ஒரு பருவத்தில் தீராது, பொறுமை வேண்டும். தண்ணீர் தேங்கும் பள்ளங்களைத் தூர்ப்பது உதவும், அங்கேதான் அது குடித்தனம் நடத்தும்.

கேள்வி: குளிர் வந்ததும் புல் முழுதும் பழுப்பாகிவிட்டது. செத்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் தூக்கம்தான். தரையோடு படரும் புல்கொடி ஒன்றைக் கீறிப் பாருங்கள், உள்ளே வெள்ளையோ பச்சையோ இருந்தால் உயிர் இருக்கிறது. உரம் போட்டு எழுப்பாதீர்கள். சூடு திரும்பித் தானே பச்சை பிடித்து, இரண்டு தடவை வெட்டிய பிறகு போடுங்கள், அதுவும் மெல்லக் கரையும் உரமாக.