டயர் பக்கவாட்டில் கிழிந்தால்

வணக்கம். 600 கி.மீ. பிரெவேயில் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) 380ஆவது கிலோமீட்டரில் டயரின் பக்கச்சுவர் கிழிந்து, இரண்டு டியூப்பும் போய், முகம் தெரியாத ஒருவர் தன் கடைசி டியூப்பைக் கொடுத்துவிட்டுப் போனார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

புது டியூப்பும் வெடித்ததற்குக் காரணம் அந்தக் கிழிசல்தான். காற்றழுத்தத்தில் டியூப் அதன் வழியே வெளியே பிதுங்கும். பழைய டயரின் பக்கச்சுவரிலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, ஓரங்களைச் சீவிப் பையில் வையுங்கள். கிழிந்த இடத்தில் டயருக்கும் டியூப்புக்கும் நடுவே அதை வைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகக் காற்றடியுங்கள். துண்டு இல்லையா, ரூபாய் நோட்டை நாலாக மடித்து வைத்தாலும் வருகையைப் பதியும் அடுத்த கட்டுப்பாட்டு நிலையம் வரை தாங்கும். அந்த டயர் முன்சக்கரத்தில் இருந்தால் பின்னால் மாற்றிவிடுங்கள். முன்சக்கரம் திடீரென்று காற்றிழந்தால் கைப்பிடி நம் வசம் இருக்காது. டியூப் மாட்டுமுன் டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள், கண்ணாடிச் சில்லு அங்கேயே இருக்கலாம்.

வால்வு நீளத்தையும் கவனியுங்கள். ஒரு நள்ளிரவில் எனக்குக் கிடைத்த இரவல் டியூப்பின் வால்வு என் ஆழமான ரிம்மைத் தாண்டி எட்டவில்லை. இன்னொருவர் நின்று, தன் டியூப்பைத் தந்து, நான் மாட்டி முடிக்கும்வரை விளக்குப் பிடித்தார். அவருக்கும் நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சக ஓட்டுநரிடம் உதவி வாங்கியது விதிமீறலாகுமா என்று கேட்டீர்கள். ஆகாது. வழியில் உதவி செய்யப் பின்தொடரும் வண்டிதான் கூடாது. அடுத்த 1000 கி.மீ. பிரெவேக்கு மூன்று டியூப் எடுத்துப் போங்கள், மூன்றாவது வழியில் நிற்பவருக்கு.